கரைமேல் மதினி வைத்த காவல்

என் அண்ணன் பெண்டாட்டி சங்கிலியம்மாளுக்கு ஓர் அணை சொந்தம். இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அணை என்றால் அரசாங்கத்தினுடையதாகத்தான் இருக்க வேண்டுமா என்ன? சுருளிப்பட்டியிலிருந்து மலையடிவாரத்துக்குப் போகும் வண்டிப்பாதையில், திராட்சைப் பந்தல்கள் முடிகிற இடத்தில், எங்கள் பட்டா நிலத்துக்குள் ஓர் ஓடை வருகிறது. அதை மறித்து என் அப்பா மாடு கட்டி மண் இழுத்துப் போட்ட கரைதான் அது. ஊர்க்காரர்கள் அதைக் குட்டை என்பார்கள். மதினி காதில் விழுந்தால் சொன்னவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அந்தப் பேச்சு பேசிவிடுவார். பாகம் பிரித்தபோது அணையும் அதை ஒட்டிய பந்தலும் அண்ணனுக்கு வந்தன. எனக்குப் பக்கத்து நிலமும், முறை வைத்துத் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் பாத்தியதையும்.

அண்ணன் ஒச்சாண்டி பேருக்குத்தான் சொந்தக்காரர். அவர் மலைக்கு மேலே கேரளப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் கங்காணி. சனிக்கிழமை இறங்கி வருவார், ஞாயிற்றுக்கிழமை கறி தின்றுவிட்டுத் தூங்குவார், திங்கட்கிழமை காலையில் ஜீப்பில் ஏறிவிடுவார். மற்றதெல்லாம் மதினிதான். திராட்சைக்கு மருந்தடிப்பது, கவாத்து வெட்ட ஆள் பிடிப்பது, வியாபாரியிடம் மல்லுக்கட்டுவது, டிவிஎஸ் எக்ஸெல்லின் முன்னால் உர மூட்டையைப் படுக்கவைத்துக்கொண்டு கம்பத்திலிருந்து ஓட்டி வருவது, எல்லாம்.

மதினி யாரையும் நம்ப மாட்டார். பால்காரர் ஊற்றிய பாலை ஒரு சொட்டு நகத்தில் விட்டுச் சாய்த்துப் பார்ப்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் ஒரு செருப்பை வாசலுக்கு இந்தப் பக்கமும் இன்னொன்றை அந்தப் பக்கமும் கழற்றிப் போடுவார். ஜோடியாகக் கிடந்தால்தானே எவனும் மாட்டிக்கொண்டு போவான்? காலையில் என் வீட்டைக் கடக்கும்போது சுவரில் சாய்த்து வைத்த என் மண்வெட்டியைக் குனிந்து பார்ப்பார். அதில் ஈரமண் ஒட்டியிருந்தால் தீர்ந்தது.

"என்ன ராசு, ராத்திரி தூக்கம் வரலையோ?"

நானும் விட மாட்டேன். "நல்லாத்தான் வந்துச்சு மதினி. உங்க அணையச் சுருட்டித் தலைக்கு வச்சுப் படுத்தேன்."

சும்மா வந்த குணம் இல்லை அது. மூத்த பிள்ளைப் பேற்றுக்கு மதினி சின்னமனூரில் தாய் வீட்டுக்குப் போயிருந்தார். அண்ணன் மலையில். நான் அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில். அந்தச் சமயம் பார்த்து யாரோ கரையை வெட்டிவிட்டார்கள். விடிந்தபோது அணையில் சேறுதான் மிச்சம். ஓடைக்குக் கீழே இருந்த நிலமெல்லாம் நனைந்து கிடந்தது. மதினி கைப்பிள்ளையோடு வந்து ஒவ்வொரு வயலாக ஏறி இறங்கிக் கேட்டார். "எங்களுக்கு என்னாத்தா தெரியும்? தன்னால வந்துச்சு" என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். அந்தக் கோடையில் பந்தல் காய்ந்து கருகியது. அதற்கு முன்னால் மதினி வெள்ளந்தியாகச் சிரித்துப் பேசுகிற பெண் என்று என் அம்மா சொல்லுவாள். நான் திருப்பூரிலிருந்து திரும்பி வந்தபோது அந்தப் பெண்ணைக் காணோம். எனக்கு அதில் இன்றைக்கும் ஊர்மேல் கோபம் உண்டு.

அதிலிருந்து அணைதான் மதினிக்கு உயிர். கரைக்கு நடுவில் தண்ணீர் திறந்துவிடும் மடை இருக்கிறது. அதைத் திருகுகிற இரும்புக் கைப்பிடி மதினியின் கட்டிலுக்கு அடியில் இருக்கும். மேற்கு முனையில், நிறைந்த தண்ணீர் வழிந்து ஓடைக்குப் போவதற்குக் கல் அடுக்கிய மறுகால். அந்த மறுகாலுக்குப் பக்கத்தில்தான் சில வருஷங்களுக்கு முன்னால் புற்று முளைத்தது.

மண்கரையில் புற்று முளைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். புரட்டாசியில் மழைக்கு முன்னால் நாங்கள் செய்கிற வேலையே அதுதான். கரை முழுக்க நடந்து செடிகொடியைப் பிடுங்கி, எலி வளை, நண்டு வளையெல்லாம் தோண்டி, களிமண்ணைத் திணித்து இடித்து இறுக்குவோம். அந்த வருஷமும் நான் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு புற்றுக்குப் போனேன்.

"ஏலே, நில்லு!" மதினி கரையின் மறுமுனையிலிருந்து ஓடி வந்தார். "ஆத்தா வந்து குடியிருக்கா, நீ பாட்டுக்குக் கடப்பாரையத் தூக்கிட்டு வர்ற?"

"எந்த ஆத்தா?"

"நாகம்டா. நேத்து வெயில் தாழ பாத்தேன். படம் எடுத்தா மொறத்தண்டி இருக்கு."

அந்த வெள்ளிக்கிழமையே புற்றுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி கட்டிவிட்டார். பால் ஊற்றினார், முட்டை உடைத்து வைத்தார். மதினிக்கு இத்தனை பக்தி உண்டென்று அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. சுருளி அருவிக்குப் போனால்கூட குளித்துவிட்டு நேரே வீட்டுக்கு வருகிற ஆள். ஊருக்குள் செய்தி போய்ச் சேர்ந்ததும் பாம்பு வளர ஆரம்பித்தது. எங்கள் பங்காளி அழகர், அது பாதையில் குறுக்கே போனதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னான். அவன் பெண்டாட்டி அதற்கு வெள்ளை மீசை இருந்ததாகச் சொன்னாள்.

எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. மதினி வெறுங்காலோடு புற்றை ஒட்டி நின்று, முகம் அதன் வாய்க்கு நேராக வரும்படி குனிந்து பால் ஊற்றுவார். நாகத்தைக் கண்ணால் பார்த்த எவரும் அப்படிக் குனிய மாட்டார்கள். இதை என் பெண்டாட்டி பூமாரியிடம் சொன்னேன்.

"வாயப் பொத்துங்க," என்றாள் அவள். "உங்க மதினி காதுல விழுந்தா, அடுத்து அந்தப் பாம்பு நம்ம வீட்டுக்குத்தான் வரும்."

ஒரு தடவை தேனியிலிருந்து கேமரா விற்கிற ஒருவர் வந்து, தென்னை மரத்தில் ஒன்றை மாட்டினால் போனிலேயே அணையைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். "கேமராவத் தூக்கிட்டுப் போனா?" என்று மதினி கேட்டார். அதைப் பார்த்துக்கொள்ள இன்னொரு கேமரா மாட்டலாம் என்று அவர் சொல்ல, மதினி புற்றுப் பக்கம் கையைக் காட்டி, "எனக்கு அங்கன ஒண்ணு இருக்கு. கரண்டு வேண்டாம்," என்று அனுப்பிவிட்டார். உண்மையும் அதுதான். புற்று வந்ததிலிருந்து கரையில் ஆடு மேய்ப்பவர்கள் இல்லை, தூண்டில் போடுபவர்கள் இல்லை, குழாயைப் போட்டுத் தண்ணீர் உறிஞ்சுபவர்களும் இல்லை. புரட்டாசி வேலைக்குப் போகிற நாங்கள்கூட அந்த முனைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்று, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். அங்கே யாரும் மண்வெட்டி கொண்டுபோகவில்லை.

போன வருஷம்தான் தங்கப்பாண்டி வந்தான். கரைக்கு நேர் கீழே இருந்த நிலத்தை என் பெரியப்பா மகன் விற்றுவிட்டுப் பழனிசெட்டிபட்டியில் வீடு கட்டிக் குடிபோனார். வாங்கியவன் இந்தத் தங்கப்பாண்டி. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுபவன். பெண்டாட்டி மகிமா குமுளிக்காரி. தமிழ் நன்றாகவே பேசுவாள், நடுநடுவே மலையாளம் எட்டிப் பார்க்கும். ஒரு சின்ன வீடு, பின்னால் கரையைப் பார்த்தாற்போல் மாட்டுத்தொழுவம், தொட்டிலில் ஒரு கைக்குழந்தை. அவ்வளவுதான் அவர்கள்.

மதினிக்கு முதல் நாளே உறுத்தியது. "கெணறு இல்லாத நெலத்த ஒருத்தன் எதுக்கு வாங்குறான்? அதுவும் அணைக்கு அடியில?"

"வெல கொறைவா இருந்திருக்கும் மதினி."

"உனக்கு ஒண்ணும் தெரியாது, போ."

சித்திரையில் சந்தேகம் முற்றியது. அணையில் தண்ணீர், மதினி எடுத்ததைவிட வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பந்தல்களில் இலை வாடித் தொங்க, தங்கப்பாண்டியின் தொழுவத்துக்குப் பின்னால் மட்டும் தண்டங்கீரையும் வெண்டையும் தளதளவென்று நின்றன. மதினி கரைமேல் நின்று கேட்டார். கீழேயிருந்து மகிமா, "மாடு கழுவுற தண்ணிதான் சேச்சி," என்றாள். சொல்லும்போது முகத்தைக் கீரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதை நானும் கவனித்தேன்.

"பாத்தியா, மொகத்தப் பாத்துச் சொல்ல முடியல," என்றார் மதினி. "கழுவுற தண்ணியில வெண்டைக்கா காய்க்குதாம். நம்ம வீட்டுல மாடே இல்லையா, நாம கழுவலையா?"

கரைமேல் சாம்பலைத் தூவி வைத்துக் காலடி பார்த்தார். அவருடைய காலடிதான் இருந்தது. அப்படியானால் மண்ணுக்குள் குழாய் பதித்திருக்கிறான் என்று முடிவு கட்டினார். ஒரு நாள் மகிமா கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் கொடுத்து அனுப்பினாள். பூமாரியும் நானும் எங்கள் பங்கை நக்கித் தின்றோம். மதினி தன் பங்கைக் கோழிக்கு வைத்துவிட்டு, கோழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோழி தின்றுவிட்டு முற்றத்தைக் கிளறிக்கொண்டு நின்றது. "மெதுவா வேல செய்யிற மருந்தா இருக்கும்," என்றார்.

நான் சிரித்தேன். ஆனால் பொய் சொல்லக் கூடாது, எனக்கும் அந்த வெண்டைச் செடிகள் மேல் ஒரு கண் இருந்தது. என் முறைத் தண்ணீரும்தானே குறைந்தது? தங்கப்பாண்டியைக் கடையில் பார்த்தால் நானும் முன்போல நின்று பேசுவதில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்யாமல் ஒரே ஊற்றாக ஊற்றியது. மலையிலிருந்து ஓடை சிவப்பாக இறங்கி வந்தது. அணை நிறைந்து, பல வருஷத்துக்குப் பிறகு மறுகால் பாய்ந்தது. மதினி குடையைப் பிடித்துக்கொண்டு கரைமேல் நடந்து நடந்து பார்த்தார். கோடை அறுப்புக்குக் கவலையில்லை என்று வாய்விட்டுச் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் மதினி வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மருந்தடிக்கிற மெஷினைப் பிரித்துப்போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தோம். மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. மகிமா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடி வந்தாள். அந்த வீட்டு வாசலை அவள் மிதித்தது அதுதான் முதல் தடவை.

"சேச்சி, தொழுவத்துக்குப் பின்னாடி தண்ணி பொங்கிட்டு வருது. கலங்கலா, மண்ணோட வருது. எனக்குப் பயமா இருக்கு. அவரு வண்டியோட குமுளியில நிக்கிறாரு, போன் பண்ணிட்டேன். நீங்க வந்து பாருங்க."

மதினியின் கண் மின்னியது. இத்தனை மாதம் காத்திருந்தது தானாக வந்து கையில் விழுந்தது போல எழுந்து நின்றார்.

"மாட்டுனா பாத்தியா," என்றார் என்னிடம், மகிமா நிற்கும்போதே. "அணை நெறஞ்சு அழுத்தம் தாங்காம இவுக பதிச்ச குழாய் வெடிச்சிருச்சு. இப்ப நம்மகிட்டயே வந்து தண்ணியத் தொறந்து விடச் சொல்லுவாக, பாரு. மண்வெட்டிய எடு."

மகிமா திரும்பி நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். குழாய் இருக்கத்தான் செய்யும் என்று நானும் நினைத்தேன்.

தொழுவத்துக்குப் பின்னால் கீரைப் பாத்தி முழுக்கத் தண்ணீர். நடுவில் ஓரிடத்தில் கஞ்சி கொதிப்பதுபோல் மண்ணும் நீரும் பொங்கிக்கொண்டிருந்தன. மதினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த இடத்திலேயே வெட்ட ஆரம்பித்தார். வெட்டிய குழி உடனே நிரம்பியது. என்னையும் வெட்டச் சொன்னார். முழங்கால் ஆழம் போனோம். குழாய் இல்லை. பக்கத்தில் வெட்டினோம். அங்கேயும் இல்லை. மண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் மட்டும் செந்நிறமாகப் பீறிட்டு வந்தது.

"எங்க ஒளிச்சு வச்சிருக்கீக?" மதினி நிமிர்ந்து கத்தினார். "குழாய எங்க?"

"குழாயே இல்ல சேச்சி," மகிமா அழுதாள். "சத்தியமா இல்ல."

நான் குழியிலிருந்து நிமிர்ந்து கரையைப் பார்த்தேன். நாங்கள் நின்ற இடத்துக்கு நேர் மேலே, சிவப்புத் துணி நனைந்து ஒட்டிக்கொண்டு, புற்று நின்றது. கரையின் மற்ற இடமெல்லாம் மழையில் நனைந்து மட்டும் கிடந்தது. புற்றுக்குக் கீழே மட்டும் சரிவில் தண்ணீர் வழிந்து மினுங்கியது. திரும்பி மதினியைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கரையான் உள்ளுக்குள்ளே அரித்துக் கூடு கட்டிப் போன வழியெல்லாம் இப்போது அணைத் தண்ணீருக்கு வழியாகிவிட்டது. அதை எனக்கு முன்னாலேயே அவர் புரிந்துகொண்டார்.

"புள்ளையத் தூக்கிட்டு வெளிய போ," என்றார் மகிமாவிடம். "மாட்ட அவுத்து விடு. ஒண்ணையும் எடுக்காத. மேட்டுக்கு, ராசு வீட்டுக்குப் போ. ஓடுத்தா!"

மதினி வீட்டுக்கு ஓடிக் கைப்பிடியைக் கொண்டு வந்து மடையை முழுக்கத் திறந்தார். அது போதாது என்று பார்த்தவுடனே தெரிந்தது. மேலேயிருந்து ஓடை இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. மறுகாலின் கல்லைப் பெயர்த்து, அந்த முனையை ஆழமாக வெட்டி, அணைத் தண்ணீரை ஓடைக்கு இறக்கினால்தான் கரை தப்பும். கீழே வீடும் தப்பும். பாதை சேறாகிக் கிடந்ததால் ஜேசிபி வராது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பந்தல்களிலிருந்து ஆட்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வந்துவிட்டார்கள். அழகர்தான் முன்னால் வந்தான். வந்தவர்கள் எல்லோரும் வழக்கமாகக் கும்பிட்டுத் திரும்புகிற இடத்தில் வந்து நின்றுவிட்டார்கள்.

"என்னடா நிக்கிறீக? வாங்கடா!" என்றார் மதினி.

"மறுகால வெட்டணும்னா ஆத்தா பக்கத்துல நிக்கணுமே மதினி," என்றான் அழகர். "தண்ணி ஏறியிருக்கு. சீறிக்கிட்டு வெளிய வந்தா?"

மதினி புற்றைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஆத்தாவும் இல்ல, பாம்பும் இல்லடா. நான் ஒண்ணையும் பாக்கல. உங்களையெல்லாம் கரையில ஏறவிடக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன். பொய்யிடா. வாங்க."

யாரும் அசையவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இப்ப வெட்டணும்ங்கிறதுக்காக இல்லைங்கிறீக," என்றான் அழகர். "நான் என் கண்ணால பாத்தேனே? பாதையில குறுக்க போச்சே?"

"நீ எதடா பாத்த? எதப் பாத்த?"

"பாத்தேன் மதினி. நீங்க எங்கள ஏமாத்தப் பாக்குறீக."

எனக்கு வந்த கோபத்துக்கு அழகரை அப்படியே அணைக்குள் தள்ளியிருப்பேன். ஆனால் என் கால்களும் அந்தப் பக்கம் நகரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பாம்பு பொய் என்று ஊரிலேயே முதலில் சந்தேகப்பட்டவன் நான். வருஷக்கணக்காக அங்கே நின்று கும்பிட்டுப் பழகிய கால்கள் அதைக் கேட்கவில்லை.

மதினி விறுவிறுவென்று புற்றுக்குப் போனார். மண்டியிட்டார். புற்றின் வாய்க்குள் வலது கையை விட்டார். முழங்கை போனது, தோள்பட்டை வரை போனது. கூட்டத்திலிருந்து ஒருத்தி கிறீச்சிட்டாள். மதினி கன்னம் புற்று மண்ணில் அழுந்த, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே துழாவினார்.

"உள்ள தண்ணி ஓடுது," என்றார். "கையில படுது. இழுத்துட்டு ஓடுது."

கையை வெளியே எடுத்துத் தூக்கிக் காட்டினார். தோள் வரை சேறு. பாம்புக்கடி இல்லை. இனியாவது வருவார்கள் என்று நான் நினைத்தேன். அழகர் இன்னும் ஓர் அடி பின்னால் போனான்.

"உங்களத் தீண்டுமா மதினி? பால் ஊத்துன கை. எங்கள விடுமா?"

மதினி அவனைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. திட்டவில்லை. தானே கடப்பாரையை எடுத்து மறுகால் கல்லில் குத்தினார். ஒரு பொம்பளை தனியாக அந்தக் கல்லை அசைக்க முடியாது. அப்போதுதான் என் கால் நகர்ந்தது. எனக்கு முன்னாலேயே ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினான். தங்கப்பாண்டி. ஜீப்பைப் பாதையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். மகிமாவும் பிள்ளையும் எங்கே என்று கேட்டான். என் வீட்டில் என்றேன். சட்டையைக் கழற்றிப் புற்றின் மேலேயே போட்டுவிட்டு, மதினி கையிலிருந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டான்.

மூன்று பேரும் வெட்டினோம். அடுக்கிய கல் பெயர்ந்ததும் அணைத் தண்ணீர் எங்கள் கால்களை இழுத்துக்கொண்டு ஓடைக்குள் பாய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து, புற்றுக்கு எட்டாமல், மறுகாலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அழகரும் மற்றவர்களும் வெட்ட ஆரம்பித்தார்கள். அந்த மட்டுக்கும் உபகாரம்தான். தண்ணீர் போகிற வேகத்தைப் பார்த்து மதினி அழுதார். முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளவும் இல்லை. அது அவருடைய கோடைத் தண்ணீர், பந்தலுக்கு வைத்திருந்த உயிர். அழுதுகொண்டே வெட்டினார்.

பொழுது சாயும்போது அணை பாதிக்குமேல் வற்றிவிட்டது. நாங்கள் மேட்டில் ஏறி நின்ற கொஞ்ச நேரத்தில் புற்று அப்படியே உள்ளே அமிழ்ந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. அது இருந்த இடத்தில் கரை பிளந்து, மிச்சத் தண்ணீர் கீழே இறங்கியது. தொழுவம் சரிந்தது. வீட்டுக்குள் இடுப்பளவு சேறு புகுந்து, முன்வாசல் வழியாக வெளியே வந்தது. பிள்ளைத் தொட்டில் வேலிவரைக்கும் மிதந்து போய்ச் சிக்கிக் கிடந்தது. பாதி அணைக்கே இந்தக் கதி. முழு அணையும் வந்திருந்தால் வீடே இருந்திருக்காது.

மறுநாள் காலையில் தங்கப்பாண்டி வீட்டிலிருந்து சேற்றை அள்ளிக்கொண்டிருந்தோம். மதினி யாரும் கூப்பிடாமல் தட்டுக்கூடையோடு வந்து சேர்ந்துகொண்டார். மகிமா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நனைந்த துணிகளை ஒரு கையால் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தொழுவத்துக்குப் பின்னாடி அந்த ஈரம் எப்ப இருந்து இருக்கு?" என்று மதினி கேட்டார்.

மகிமா புருஷனைப் பார்த்தாள். அவன் குனிந்து சேற்றை வழித்துக்கொண்டே இருந்தான்.

"வீடு கட்டுன கொஞ்ச நாள்லயே இருந்துச்சு சேச்சி. கோடையிலயும் காயல. சும்மா கெடக்கேன்னு அதுலதான் கீரை போட்டேன்."

"அப்பவே ஒரு வார்த்த வந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா, உங்க தண்ணியத் திருடுறோம்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்னு இவரு சொன்னாரு. முந்தாநாளும் வேண்டாம்னாரு. நேத்து மண்ணாப் பொங்கவும்தான் எனக்கு மனசு கேக்கல."

மதினி சீறுவார் என்று எதிர்பார்த்து நான் கூடையைக் கீழே வைத்தேன். அவர் சீறவில்லை. கையிலிருந்த சேற்றைக் கூடையின் விளிம்பில் மெதுவாக வழித்துவிட்டார்.

"ஆமா," என்றார். "அப்படித்தான் சொல்லிருப்பேன்."

குழந்தை மதினியைப் பார்த்துக் கையை நீட்டியது. அவர்கள் குடிவந்ததிலிருந்து அது கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ராத்திரி அது அழுகிற சத்தம் மதினி வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நன்றாகக் கேட்கும். எங்களில் ஒருவரும் அதைத் தூக்கியதில்லை.

"புள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்க?" என்று மதினி கேட்டார்.

மகிமா கொடியில் போட வந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளையை மதினிக்கு எட்டாத பக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எதுக்குக் கேக்குறீக?" என்றாள்.